பத்துக்குப் பத்து பொருந்திய அக்கா

எங்கள் பிரிவில், குழந்தைகளுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையின்போது நடந்த ஒன்றைப் பதிவு செய்கிறேன். சிகிச்சை ஐந்து வயதுப் பையனுக்கு. ஆனால் இதில் பெரும்பகுதி அவனுடைய ஒன்பது வயது அக்காவைப் பற்றியது. பையனின் மருத்துவர் நான்தான்; நடந்த தவறுகளில் பாதி என்னுடையவை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

பையனுக்கு பீட்டா தலசீமியா மேஜர், உடம்பு ரத்தத்தைச் சரியாக உண்டாக்க முடியாத பரம்பரை நோய். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது வெளிறிப்போய், பால் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவனை மாவட்ட அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்போது ஹீமோகுளோபின் 4.2. அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும் என்றாகிவிட்டது. அப்பா மேற்கு மாவட்டம் ஒன்றில் விசைத்தறி ஓட்டுபவர். அம்மா அவருடைய அக்கா மகள். தாய்மாமன் கல்யாணம். இருவரும் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் என்பது பையன் பிறந்த பிறகுதான் தெரிந்தது.

ரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு சேரும். அதை வெளியேற்ற டெஃபராசிராக்ஸ் மாத்திரை கொடுத்திருந்தார்கள். கைக்குக் கிடைத்த மாதங்களில் கொடுத்தோம், கிடைக்காதபோது விட்டுவிட்டோம் என்று அப்பா ஒளிக்காமல் சொன்னார். எங்களிடம் வந்தபோது, சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு 3,100, மிக அதிகம். கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே 3 செ.மீ. தட்டுப்பட்டது.

இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளக் காரணம் உண்டு. தலசீமியாவுக்கு மஜ்ஜை மாற்றுவது 1981-ல் அமெரிக்காவின் சியாட்டிலிலும் இத்தாலியின் பெசாரோவிலும் தொடங்கியது. பெசாரோவில் லூக்கரெல்லி குழுவினர் கல்லீரல் வீக்கம், கல்லீரல் தழும்பு, இரும்பு நீக்கும் மருந்தில் ஒழுங்கின்மை என்ற மூன்றை வைத்துக் குழந்தைகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். மூன்றும் இருந்தால் மூன்றாம் வகுப்பு, ஆபத்து அதிகம். தாமதமாக வரும் நம் ஊர்க் குழந்தைகளில் பலர் அந்த மூன்றாம் வகுப்பில்தான் விழுவார்கள். அதற்குள்ளும் யாருக்கு உண்மையிலேயே ஆபத்து கூடுதல் என்பதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2007-ல் பிரித்துக் காட்டினார்கள்: ஏழு வயதும் அதற்கு மேலும், கல்லீரல் 5 செ.மீ. அல்லது அதற்கு மேல். நம் பையன் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தான். இரண்டு வருடம் போனால் அந்தப் பக்கம் போயிருப்பான். அதனால் தள்ளிப்போடுவதில் லாபமில்லை என்று தோன்றியது.

பொருத்தம்

அப்பா, அம்மா, அக்கா, பையன் நால்வருக்கும் ஹெச்.எல்.ஏ. பரிசோதனை செய்தோம். திசுப் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன. கூடப் பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். அக்கா பத்துக்குப் பத்து பொருந்தினாள்.

அந்த ரிசல்ட் வந்த மதியம் நன்றாக நினைவிருக்கிறது. ஓ.பி. வராந்தாவில் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்த அந்தப் பெண் சுவரோரம் நின்று எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து அவள் தலையைத் தடவி, “நீதான் பாப்பா தம்பியைக் காப்பாத்தப் போற” என்றேன்.

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதே வாக்கியத்தை எத்தனை குழந்தைகளிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அன்பாகத்தான் சொன்னேன். அது அவள் தலையில் என்ன பாரமாக ஏறியது என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு பகுதி, அறக்கட்டளை ஒன்றின் மூலம் ஒரு பகுதி, மீதி தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம். உடன்பிறந்தவர் பொருந்தும் தலசீமியா குழந்தைகளுக்கு கோல் இந்தியா நிறுவனம் 2017 முதல் 10 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டமும் இருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு முதலில் கைகூடியது மற்ற வழி.

கொடையாளிக்குச் செய்த பரிசோதனைகள்

அக்காவின் எடை 26 கிலோ. இதயம், நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் நன்றாக இருந்தன. வைரஸ் பரிசோதனைகளில் தடையாக எதுவும் இல்லை. ஹீமோகுளோபின் 10.6, அதில் ஏ2 என்ற வகை 5.1 சதவீதம், வழக்கத்தைவிடக் கூடுதல். அதாவது அவளும் தலசீமியா மரபணுவைச் சுமப்பவள். நோயாளி கிடையாது. இப்படிச் சுமப்பவர்களின் மஜ்ஜையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பிடித்துக்கொண்டால் தம்பியும் அக்காவைப் போலவே 10, 11 ஹீமோகுளோபினோடு, ரத்தம் ஏற்றாமல் வளர்வான்.

இதை அப்பா அம்மாவிடம் தெளிவாகச் சொன்னோம். கூட வந்திருந்த அம்மாயி ஒரு கேள்வி கேட்டார்: “அவளுக்கும் அந்தச் சீக்கு பாதி இருக்குதுன்னா, அவ எலும்புல இருக்கறது எப்படிங்க நல்லதா இருக்கும்?” நியாயமான கேள்வி. விளக்கினேன், தலையாட்டினார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாட்டியின் பை வாரைத் திருகிக்கொண்டிருந்த பேத்திக்கு யாரும் விளக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தப் பெண்ணுக்கென்று தனி ஃபைல் கிடையாது. அவளுடைய ரிப்போர்ட்டுகள் அத்தனையும் தம்பியின் ஃபைலில், கடைசிப் பச்சை அட்டைக்குப் பின்னால், ‘டோனர்’ என்று எழுதிய பகுதியில் இருந்தன. அவளைப் பரிசோதித்ததும் நான். ஒப்புதல் படிவத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கியதும் நான். அப்போது அது எனக்கு உறுத்தவில்லை. குழந்தைக்குச் செய்த முதல் வெற்றிகரமான மஜ்ஜை மாற்று என்று சொல்லப்படும் 1968 மினசோட்டா நிகழ்விலும், ராபர்ட் குட் குழுவினர் கைக்குழந்தைத் தம்பிக்கு அக்காவிடமிருந்துதான் மஜ்ஜை எடுத்தார்கள். ஐம்பது வருடத்துக்கும் மேலாக நாம் அக்கா தங்கைகளிடம் கேட்காமலே எடுத்துப் பழகிவிட்டோமோ என்று இப்போது நினைக்கிறேன்.

வார்டுக்குள்

ஐப்பசி மழைக்காலத்தில் பையனை அனுமதித்தோம். மருந்தும் ரத்தமும் ஏற்றுவதற்காக நெஞ்சில் ஹிக்மேன் குழாய் பொருத்தி, வடிகட்டிய காற்று வரும் தனி அறையில் அம்மாவோடு வைத்தோம். பழைய மஜ்ஜையை ஒழித்துப் புதியதற்கு இடம் உண்டாக்கும் மருந்துகளாக தயோடெபா, ட்ரியோசல்ஃபான், ஃப்ளூடராபின் மூன்றையும் தேர்ந்தெடுத்தோம். முன்பெல்லாம் புசல்ஃபானும் சைக்ளோபாஸ்பமைடும்தான் கொடுப்போம். இரும்பு சேர்ந்த கல்லீரலில் அவற்றால் நுண்ணிய ரத்த நாளங்கள் அடைபட்டு, வயிறு வீங்கி, மஞ்சள் ஏறும் ஆபத்து கூடுதல். இந்தப் பையனின் கல்லீரலை வைத்து அந்த வழியில் போக மனம் வரவில்லை.

தயோடெபா வியர்வை வழியாகவும் வெளியே வரும், தோலைப் புண்ணாக்கும். அதனால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை குளிப்பாட்ட வேண்டும், நடு ராத்திரியிலும். பவுடர், எண்ணெய் எதுவும் கூடாது. அந்த ஒரு நாள் அவன் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. மற்றபடி மருந்துகளை நன்றாகவே தாங்கினான்.

அக்கா வெளியே, மருத்துவமனைக்குப் பின்தெருவில் எடுத்திருந்த வாடகை அறையில், அப்பாவோடும் அம்மாயியோடும் இருந்தாள். அம்மாவைப் பார்த்து எட்டு நாள் ஆகியிருந்தது. ராத்திரி வீடியோ காலில் தம்பியோடு பேசுவாள். பேரீச்சம்பழம், பீட்ரூட், மாதுளை என்று அம்மாயி அவளுக்கு ஊட்டிக்கொண்டே இருந்தார், ரத்தம் ஊறணுமே என்று. வருகிறவர் போகிறவர் எல்லோரும் அவளிடம் சொன்னது ஒன்றுதான்: உனக்கு எதுவும் ஆகிடக் கூடாது கண்ணு, உன்னை நம்பித்தான் இருக்கோம்.

மாற்றுக்கு முந்தைய நாள்

மஜ்ஜை மாற்றில் செல்களை ஏற்றும் நாளைப் பூஜ்ஜியம் என்று வைத்து, முன்னும் பின்னும் எண்ணுவோம். மைனஸ் ஒன்றாம் நாள் மாலை அக்காவை வார்டில் சேர்த்தோம். கையில் அடையாளப் பட்டை கட்டிய சிஸ்டர், மணிக்கட்டைத் தொட்டதுமே நிமிர்ந்து பார்த்தார். 101.2 டிகிரி.

மெதுவாக விசாரித்ததில் தெரிந்தது: மூன்று நாளாகத் தொண்டை வலி, இரண்டு நாளாக உடம்பு சுட்டிருக்கிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாயி கவனித்திருக்கிறார். ஆனால் அவரும் “நாளைக்கு எடுக்க மாட்டேன்னுட்டா பையன் கதி?” என்று பயந்து, பாராசிட்டமால் மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு வேளை கொடுத்திருக்கிறார்.

நிலைமையை யோசித்துப் பாருங்கள். பையனுக்கு மருந்து முழுவதும் போய்விட்டது. அவனுடைய சொந்த மஜ்ஜை இனி எழுந்து வருவதை நம்பியிருக்க முடியாது. அக்காவின் செல்களை முன்கூட்டியே எடுத்து உறைய வைத்திருக்கவும் இல்லை. வெளியே டெங்கு பரவிக்கொண்டிருந்த மாதம் வேறு. டெங்கு மஜ்ஜை வழியாகவும் போகக்கூடியது. எதிர்ப்பு சக்தி பூஜ்ஜியமாக இருக்கும் குழந்தைக்கு அதைக் கொடுப்பதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

இரவு எட்டரைக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. காய்ச்சலோடேயே காலையில் எடுப்பது. காரணம் தெரியும்வரை தள்ளிவைப்பது. அக்காவை விட்டுவிட்டு அப்பாவிடம் பாதிப் பொருத்தமுள்ள செல்களை எடுப்பது. மூன்றாவதற்கு நாங்கள் தயாராகவே இல்லை. அதற்கான மருந்துத் திட்டமே வேறு. என் மனம் முதல் வழிப் பக்கம் சாய்ந்திருந்தது. டெங்கு இல்லை என்று ராத்திரியே தெரிந்துவிட்டால் காலையில் எடுத்துவிடலாம், சாதாரண சளிக்காய்ச்சல்தானே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மயக்க மருத்துவர் அதுவரை பேசவில்லை. காய்ச்சலும் சளியும் உள்ள குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழல் இறுகிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்றார். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: “சார், இந்தப் பொண்ணோட டாக்டர் யாரு?”

பதில் சொல்ல ஆளில்லை. நானே அந்தப் பெண்ணின் டாக்டர் என்று சொல்லலாம். ஆனால் அந்த அறையில் ஒரு மணி நேரமாக நான் பேசியது முழுக்கப் பையனுக்காக.

அன்றிரவு எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, அக்காவை எங்கள் கையிலிருந்து எடுத்து வேறு பிரிவின் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் ஒப்படைப்பது. அவருக்குப் பையனின் சிகிச்சையில் எந்தப் பங்கும் இல்லை. அவர் ‘எடுக்கலாம்’ என்று சொன்னால்தான் எடுப்பது, ‘கூடாது’ என்றால் கூடாது என்று எழுதி வைத்துக்கொண்டோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2010-லேயே இதைப் பரிந்துரைத்திருக்கிறது: கொடையாளிக் குழந்தைக்காகப் பேச, நோயாளியின் சிகிச்சையில் சேராத ஒருவர் வேண்டும் என்று. நாங்கள் படித்ததுதான். செய்ததில்லை.

இரண்டாவது, 48 மணி நேரம் தள்ளிவைப்பது. பையனுக்கு வெள்ளையணு இல்லாத நாட்கள் இரண்டு கூடும். கிருமி தொற்றும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் கூடும். ஆனால் அது எங்களுக்குக் கையாளத் தெரிந்த ஆபத்து. டெங்குவும், மயக்கத்தில் மூச்சுத் திணறலும் அப்படிப்பட்டவை இல்லை.

டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது, பிளேட்லெட் 2.4 லட்சம். மறுநாள் மதியம் மூக்குச் சளியில் இன்ஃப்ளூயன்சா பி, அதாவது ஃப்ளூ, என்று வந்தது. அதற்கான ஒசல்டாமிவிர் மருந்தைத் தொடங்கினோம். பையனுக்கும் அம்மாவுக்கும் எடுத்த சோதனையில் எதுவும் இல்லை. கூட்டமான அறையில் ஒன்றாக இருந்த அப்பாவை வார்டுப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

புதிய மருத்துவர் அந்த இரவே அவளோடு உட்கார்ந்து பேசினார். காய்ச்சலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முதலில் படிப்பு, பள்ளி, அம்மாவைப் பார்க்க முடியாதது பற்றியெல்லாம் பேசியிருக்கிறார். பதினொன்றரை மணிக்கு என்னிடம் வந்து அவர் சொன்னது இது: “அவளுக்கு ஊசி பயமில்லை. தன்னோட எலும்புல இருக்கறதே சீக்குப் பிடிச்சது, அதைக் கொடுத்துத் தம்பி செத்துட்டா எல்லாரும் தன்னைத்தான் சொல்வாங்கன்னு பயம். வேண்டாம்னு சொல்லலாம்னு நினைச்சாளாம். ஆனா தம்பிக்கு மருந்து ஆரம்பிச்சாச்சு, இனிமே சொல்ல முடியாதுன்னு அம்மாயி சொன்னாங்களாம்.”

அம்மாயி சொன்னது சரிதான். அதுதான் எனக்குச் சுட்டது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு நாள்கூட நாங்கள் கொடுத்திருக்கவில்லை. சட்டப்படி பெற்றோரின் கையெழுத்து போதும். ஆனால் ஒன்பது வயதுக் குழந்தையிடம் சம்மதம் கேட்பதென்றால், மறுத்தால் தம்பி உயிருக்கு உடனே ஆபத்து வராத நேரத்தில் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் அவளிடம் ‘சரியா பாப்பா?’ என்று கேட்கத் திட்டமிட்டிருந்தது அறுவைக்கு முந்தைய ராத்திரி.

மரபணுவைச் சுமப்பதற்கும் நோய்க்கும் உள்ள வேறுபாட்டை அந்த மருத்துவர் இரண்டு நாளும் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். அவள் கேட்ட கேள்விகள் மொத்தம் பதினான்கு. பிறகுதான், தானாகவே, “எடுத்துக்கங்க” என்று சொல்லியிருக்கிறாள்.

எடுத்ததும் ஏற்றியதும்

காய்ச்சல் விட்டு 30 மணி நேரம் ஆன பிறகு, நெஞ்சில் சத்தமில்லை என்று இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சொன்ன பிறகு எடுத்தோம். இடுப்பெலும்பின் பின்பக்கம் இரண்டு பக்கமும் ஊசி. கிலோவுக்கு 20 மில்லிக்கு மேல் எடுப்பதில்லை என்பது பொதுவான வரம்பு. எங்களுக்கு 340 மில்லி போதுமானதாக இருந்தது, கிலோவுக்கு 13. அவளுக்கு வேறு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. மறுநாள் ஹீமோகுளோபின் 9.1. இடுப்பில் இரண்டு நாள் வலி, பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது, இந்த முறை எல்லோருக்கும் தெரிந்தே.

அக்காவின் ரத்த வகை ஓ பாசிட்டிவ், தம்பி பி பாசிட்டிவ். அவளுடைய பிளாஸ்மாவில் பி-க்கு எதிரான பொருள் இருக்கும் என்பதால் அதை லேபில் நீக்கிவிட்டு, செல்களை மட்டும் கொண்டுவந்தோம். பையனின் எடையில் கிலோவுக்கு 46 கோடி செல்கள் இருந்தன, 30 கோடி இருந்தாலே நிம்மதியாக இருப்போம். மயக்கம் தெளிந்ததும் பையைப் பார்க்க வேண்டும் என்றாள். ஏற்றப் போவதற்கு முன் சிஸ்டர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உயர்த்திப் பிடித்துக் காட்டினார். “இவ்வளவுதானா?” என்று கேட்டாள்.

அடுத்த வாரங்கள் இந்தச் சிகிச்சையில் எல்லோருக்கும் வருவதுதான். வாய்ப்புண், ஆறாம் நாள் காய்ச்சல், ரத்தத்தில் கிளப்சியெல்லா என்ற பாக்டீரியா, பதினொரு நாள் ஆன்டிபயாட்டிக். தள்ளிவைத்த இரண்டு நாளால் அந்தக் கிருமி வந்ததா என்று அம்மா கேட்டார். இருக்கலாம் என்றேன். பதினேழாம் நாள், கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோஃபில் 500-ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நின்றது, அதாவது புதிய மஜ்ஜை பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டாம் நாளுக்குப் பிறகு சிவப்பணு ஏற்றவே இல்லை. 28-ஆம் நாள் கைமெரிசம் பரிசோதனையில், அதாவது ரத்தத்தில் எத்தனை பங்கு அக்காவின் செல் என்று பார்ப்பதில், 91 சதவீதம். 33-ஆம் நாள் பின்தெரு அறைக்கு அனுப்பினோம்.

அறுபதாம் நாள்

அறுபதாம் நாள் கைமெரிசம் 72. தம்பியின் பழைய செல் 28 சதவீதம். தலசீமியாவில் கலவையாக இருப்பது அபூர்வமில்லை, பலர் கலவையோடே நன்றாக வாழ்கிறார்கள். ஆனால் இரண்டாம் மாதத்தில் பழைய செல் 25 சதவீதத்தைத் தாண்டினால் புதிய மஜ்ஜை நிராகரிக்கப்படும் ஆபத்து மிக அதிகம் என்பது பெசாரோ அனுபவத்திலிருந்தே தெரிந்தது.

அதே நாள், எதிர்ப்பைத் தணிக்கக் கொடுத்துவந்த சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு ரத்தத்தில் 58. குறைந்தது 150 இருக்க வேண்டும். தவறாமல் கொடுக்கிறோம் என்று அம்மா சத்தியம் செய்தார். நம்பினேன், ஆனால் காரணம் புரியவில்லை. எங்கள் மருந்தாளுநர்தான் ஒரு காரியம் செய்தார். மருந்தையும் டம்ளரையும் அறையிலிருந்து எடுத்து வரச்சொல்லி, “வீட்ல எப்படிக் கொடுப்பீங்களோ அப்படியே கொடுங்கம்மா” என்றார். அம்மா ஊசிக்குழலில் சரியான அளவை எடுத்தார். எண்ணெய் வாடைக்குப் பையன் துப்புகிறான் என்பதால், பொம்மை போட்ட மூடியுள்ள பிளாஸ்டிக் டம்ளரில் ஆரஞ்சு ஜூஸோடு கலக்கினார். அவன் முக்கால்வாசி குடித்துவிட்டு வைத்தான். டம்ளரின் உள்சுவரில் மினுமினுப்பாக ஒரு படலம் ஒட்டியிருந்தது.

இந்தத் திரவ மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி டம்ளரில்தான் கலக்க வேண்டும். குடித்த பிறகு இன்னும் கொஞ்சம் ஜூஸ் ஊற்றி அலசிக் குடிக்க வைக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த நான்கு பக்கத் தாளில் மூன்றாம் பக்கத்தில் இது அச்சடித்து இருந்தது. அம்மா எட்டாவது வரை படித்தவர். தாளைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார்.

இப்போது என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தை இன்னும் குறைத்து, அக்காவின் வெள்ளையணுக்களை மீண்டும் எடுத்து ஏற்றலாம் என்பது ஒரு பக்கம். அதில் அக்காவின் செல்கள் தம்பியின் உடம்பைத் தாக்கும் ஆபத்து இருக்கிறது. தணிக்கும் மருந்தே சரியாகப் போகவில்லை, அதை முதலில் சரிசெய்து பார்ப்போம் என்பது என் பக்கம். அக்காவின் மருத்துவரையும் கூட்டத்துக்கு அழைத்தோம். தேவைப்பட்டால் அவளிடம் கேட்கலாம், ஆனால் ஒரு வார அவகாசம் வேண்டும், அவசரம் என்று சொல்லிக் கேட்கக்கூடாது என்றார். கண்ணாடி டம்ளருக்கு மாறி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கைமெரிசம் பார்ப்பது, 60-க்குக் கீழே போனால் மட்டும் அவளிடம் போவது என்று முடிவானது.

நோட்டுப் புத்தகம்

இந்தச் செய்தி அக்காவுக்கு ஓ.பி. வராந்தாவில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்பா ஊருக்குப் போனில் “பாப்பாவோட செல்லு குறையுதாம்” என்று சொன்னதைக் கேட்டிருக்கிறாள். அடுத்த முறை தன் மருத்துவரிடம் வந்தபோது, நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். ஒரு வரிசையில் 91, 72. எதிர் வரிசையில் தேதி போட்டு, பேரீச்சம்பழம் சாப்பிட்ட நாளுக்கு டிக், சாப்பிடாத நாளுக்கு பெருக்கல் குறி. பெருக்கல் குறிகளைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

அந்த மருத்துவர் அதற்குச் சொன்ன விளக்கத்தை இப்போது வார்டில் நாங்கள் எல்லோரும் பயன்படுத்துகிறோம். அம்மாயியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டார்: “பாலுக்கு உறை ஊத்துறது யாரு?” அம்மாயிதான். “நல்ல உறைமோர் ஊத்தியும் சில நாள் தோயாம போகுமில்ல?” போகும், குளிர் நாளில் போகும், பால் சூடு தப்பினால் போகும். “அப்ப உறைமோரைத் திட்டுவீங்களா?” அம்மாயி சிரித்துவிட்டார். “நீ உறைமோர் கொடுத்துட்ட கண்ணு. அது நல்ல உறைமோர், லேப்ல எண்ணிப் பார்த்தாச்சு. தோயறது உன் வேலை இல்ல.” அவள் சிரிக்கவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு மனநல ஆலோசகரோடு ஆறு அமர்வுகள் ஏற்பாடு செய்தோம். நான்கு முறை வந்தாள். மற்ற இரண்டு நாள் அப்பாவுக்குத் தறி லீவு கிடைக்கவில்லை.

பின்னர் நடந்தது

சைக்ளோஸ்போரின் அளவு ஒரு வாரத்தில் 170-க்கு ஏறியது. கைமெரிசம் 75-ஆம் நாள் 70, 90-ஆம் நாள் 78, 120-ஆம் நாள் 84. டம்ளரை மாற்றியதால்தான் ஏறியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தானாக ஏறி இறங்கி நிலைப்பதும் உண்டு. மீண்டும் அக்காவிடம் போக வேண்டியிருக்கவில்லை. ஒரு வருடத்தில் 88, ஹீமோகுளோபின் 10.4, ரத்த வகை ஓ பாசிட்டிவ். சைக்ளோஸ்போரினை ஆறாம் மாதத்திலிருந்து குறைத்து ஒரு வருடத்தில் நிறுத்தினோம்.

உடம்பில் பழைய இரும்பு அப்படியேதான் இருக்கிறது. அதைக் குறைக்க இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கிலோவுக்கு 6 மில்லி ரத்தம் வெளியே எடுக்கிறோம். ஐந்து வருடம் ஏற்றிக்கொண்டிருந்தவனுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. எடுக்கும்போது பையைத் தானே பிடித்துக்கொள்வான். தடுப்பூசிகளை முதலிலிருந்து போட ஆரம்பித்திருக்கிறோம்.

மாற்றியவை

கொடையாளிக் குழந்தைக்கு இப்போது தனி ஃபைல், தனி எண், தனி மருத்துவர். ஹெச்.எல்.ஏ. மாதிரி எடுப்பதற்கு முன்பே அந்த மருத்துவர் குழந்தையைச் சந்திக்கிறார். பொருந்தாவிட்டால் என்ன, பொருந்தினால் என்ன, பிடிக்காமல் போனால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அப்போதே பேசப்படுகிறது. சம்மதம் கேட்பது மருந்து தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு. ஒரு குழந்தை ‘யோசிக்கணும்’ என்று சொல்லி மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. கையில் மாற்றுத் தேதி இருந்தும் காத்திருந்தோம். எங்களில் சிலருக்கு இன்னும் இதில் சங்கடம் உண்டு, ஏதாவது ஒரு குழந்தை ‘மாட்டேன்’ என்றே சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று. அதற்கு எங்களிடம் எழுதி வைத்த விதி இல்லை.

கொடையாளியின் உடல் வெப்பத்தை மைனஸ் பத்தாம் நாளிலிருந்து தினமும் இரண்டு முறை பார்த்துக் குறிக்கிறோம். குடும்பத்தில் எல்லோருக்கும் முன்கூட்டியே ஃப்ளூ தடுப்பூசி. காய்ச்சல் வந்தால் தேதியைத் தள்ளுவோம், யாரையும் திட்ட மாட்டோம் என்று முதல் நாளே பாட்டிமாரிடமும் சேர்த்துச் சொல்கிறோம். செல்களை முன்பே எடுத்து உறைய வைப்பதைப் பற்றியும் பேசினோம். 2020-ல் கொரோனா காலத்தில் உலகம் முழுக்கப் பல மையங்கள் அப்படிச் செய்தன. உறைய வைத்து உருக்கும்போது கொஞ்சம் செல் வீணாகும், செலவும் கூடும். எல்லோருக்கும் செய்வதில்லை. மழைக்காலத்தில் மட்டும் ஒவ்வொருவருக்காக யோசித்து முடிவெடுக்கிறோம்.

டிஸ்சார்ஜ் தாள் இப்போது ஒரே பக்கம். அதோடு ஒரு கண்ணாடி டம்ளர் கொடுக்கிறோம். வீட்டுக்குப் போகும் முன் அம்மாவோ அப்பாவோ மருந்தாளுநர் முன்னால் மூன்று வேளை தாங்களே கலக்கிக் கொடுத்துக் காட்ட வேண்டும்.

அக்கா சென்ற மாதம் தன் ஃபைலோடு வந்திருந்தாள். எடை 30 கிலோ, ஹீமோகுளோபின் 10.8, இடுப்பில் வலி இல்லை. பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓடலாமா என்று கேட்டாள். அவளுடைய மருத்துவர் ஓடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.